விறகடுப்பிலிருந்து வெயில் வரை: நம் வீட்டு வெந்நீரின் கதை

நம் குடியிருப்பில் இப்போது புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைக்கலாமா, இல்லை கீசரே போதுமா?" ஏற்கெனவே வைத்தவர்களில் சிலர், "அது ஓடாமல் கிடக்கிறது, சார்" என்கிறார்கள். வேறு சிலர், "பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டில் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை" என்கிறார்கள். இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். ஏன் இப்படி என்று புரிய வேண்டுமானால் இந்தச் சாதனம் வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல, பி.காம். படித்து வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே இதில் விஞ்ஞானத்தைவிட வரவு செலவுதான் அதிகம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பும் அண்டாவும்

ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமங்களில் வெந்நீர் என்பது நேற்று வரை தினசரி விஷயம் அல்ல. கோடையில் கிணற்றுத் தண்ணீரே போதும். மார்கழி, தை மாதக் காலைகளில்தான் தண்ணீர் கையைக் கடிக்கும். மற்றபடி வெந்நீர் சில காரியங்களுக்கு மட்டும்: சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், தீபாவளி விடியற்காலை, காய்ச்சல் விட்ட உடம்பு, பிள்ளை பெற்ற வீடு. பிரசவித்த பெண்ணுக்கு நொச்சி இலை, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். கல்வராயன் மலை மேல் இருப்பவர்களுக்குக் குளிர் மாதங்கள் இன்னும் கொஞ்சம் நீளம்.

தோட்டத்தில் மூன்று கல் வைத்து, அதன் மேல் அண்டா. எரிப்பதற்கு எது கிடைக்குமோ அது: சீமைக் கருவேல முள், சவுக்குச் சிராய், தென்னை மட்டை, மரவள்ளிக் குச்சி, வெட்டு முடிந்த கரும்புக் காட்டுச் சோகை, வரட்டி. வசதியான வீடுகளில் செம்பு பாய்லர் இருக்கும். நடுவில் குழாய், அதற்குள் கரியோ சிரட்டையோ போட்டால் சுற்றியிருக்கும் தண்ணீர் சூடாகும். இரண்டு முறையிலும் பொதுவான ஒன்று, எழுந்து ஊதாங்குழலை எடுப்பவர் வீட்டுப் பெண் என்பது. விறகுக்குக் காசு கொடுக்காவிட்டாலும் அது இலவசம் அல்ல. பொறுக்கும் நேரம், சுமக்கும் இடுப்பு, புகையில் எரியும் கண், இவற்றை யாரும் பேரேட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கைக்குழந்தையைக் குளிப்பாட்ட, காலையிலேயே பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி முற்றத்து வெயிலில் வைத்துவிடுவார்கள். சாயங்காலம் தண்ணீர் இதமாக இருக்கும். இது சூரிய வெந்நீர்ச் சாதனம்தான். கண்ணாடி மூடியும் கறுப்பு வண்ணமும் மட்டும் இல்லை. அந்த இரண்டையும் சேர்த்தவர்களின் கதைதான் அடுத்து வருவது.

ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி

1767-ல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவைச் சேர்ந்த ஹொராஸ் பெனடிக்ட் டி சொஸ்யூர் என்ற அறிஞர், கண்ணாடி மூடிய பெட்டிகளை வெயிலில் வைத்துச் சோதித்தார். உள்ளே ஏறிய சூடு தண்ணீர் கொதிக்கும் அளவையும் தாண்டியது. வெயில் கண்ணாடி வழியே உள்ளே போகிறது. சூடு அதே சுலபத்தில் வெளியே வருவதில்லை. பூட்டிய காருக்குள் மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. பம்பாயில் ஆங்கிலேய அரசில் துணைப் பதிவாளராக இருந்தவர் வில்லியம் ஆடம்ஸ். விறகும் நிலக்கரியும் விலை ஏறும் நாட்டில் இவ்வளவு வெயில் வீணாகிறதே என்று நினைத்தவர், தட்டைக் கண்ணாடிகளை வரிசையாக நிறுத்தி வெயிலை ஒரு கொதிகலன் மேல் திருப்பினார். அந்த நீராவியில் இரண்டரைக் குதிரைத் திறன் கொண்ட எந்திரம் ஓடியது. 1878-ல் இதைப் பற்றிப் பம்பாயிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். வெப்ப நாடுகளில் விறகுக்கு மாற்று சூரிய வெப்பம் என்பதே அதன் தலைப்பின் சாரம். அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே இருந்த ஒருவர் இதைச் செய்தார் என்பது என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் பெருமை. ஆனால் நிலக்கரி ரயிலில் வந்து சேர்ந்தது. ஆடம்ஸின் கண்ணாடிகள் அதோடு மறக்கப்பட்டன.

இந்த இடத்தை நினைவில் வையுங்கள். மலிவான எரிபொருள் வந்தால் வெயில் மறக்கப்படும். எரிபொருள் விலை ஏறினால் வெயில் நினைவுக்கு வரும். அடுத்த நூறாண்டுக் கதை முழுவதும் இதுதான்.

மாடித் தொட்டியிலிருந்து ஒரு வியாபாரம்

சித்திரை, வைகாசியில் மத்தியானம் மூன்று மணிக்கு நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் கை சுடும். மாடியிலிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் வேலை அது. அமெரிக்காவின் கிராமங்களிலும் ஒரு காலத்தில் கறுப்பு வண்ணம் அடித்த தகரத் தொட்டியை வெயிலில் வைத்துக் குளித்தார்கள். குறை என்னவென்றால், சூடேற மத்தியானம் ஆகும். பொழுது சாய்ந்தால் உடனே ஆறிவிடும்.

பால்டிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப், 1891-ல் இந்தக் கறுப்புத் தொட்டிகளைக் கண்ணாடி மூடிய மரப்பெட்டிக்குள் வைத்துக் காப்புரிமை வாங்கினார். அதற்கு 'கிளைமாக்ஸ்' என்று பெயர் வைத்தார். கலிஃபோர்னியாவில் நிலக்கரி விலை அதிகம், வெயிலும் அதிகம். 1897 வாக்கில் பாசடீனா என்ற ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில் இந்தப் பெட்டி இருந்தது. ஆனாலும் காலையில் எழுந்தால் தண்ணீர் ஆறிப்போயிருக்கும்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் வில்லியம் பெய்லி. 1909-ல் அவர் சாதனத்தை இரண்டாகப் பிரித்தார். வெயில் வாங்கும் பலகை தனி. சூடுநீரைச் சேர்த்து வைக்கும், வெப்பம் வெளியேறாதபடி போர்த்திய தொட்டி தனி. தொட்டி மேலே, பலகை கீழே. பலகையில் சூடான தண்ணீர் எடை குறைந்து தானாக மேலே ஏறும். தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த தண்ணீர் கனமாக இருப்பதால் கீழே இறங்கும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், வெயில் இருக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். 'பகலும் இரவும்' என்ற பொருளில் தன் சாதனத்துக்குப் பெயர் வைத்தார். இன்று நம் மாடிகளில் இருப்பது அடிப்படையில் அதே அமைப்புதான். நூறு ஆண்டு கழிந்தும் தத்துவம் மாறவில்லை.

பெய்லியின் வியாபாரம் என்ன ஆயிற்று? 1920-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் இயற்கை எரிவாயு நிறையக் கிடைத்தது, குழாய் வழியே வீட்டுக்கு வந்தது, விலையும் மலிவு. பெய்லி கெட்டிக்கார வியாபாரி. தானும் எரிவாயு ஹீட்டர் தயாரிக்கத் தொடங்கி அதிலும் பெரிய ஆளானார். வெயில் பலகை கடையை விட்டுப் போயிற்று.

பிறகு அது மயாமி நகரத்துக்குப் போனது. 1941 வாக்கில் அங்கே பாதிக்கு மேற்பட்ட மக்கள் வெயிலில் சூடான தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். அடுத்து உலகப்போர் வந்தது. செம்பு ராணுவத்துக்குப் போயிற்று, புதிதாகச் செய்ய முடியவில்லை. போருக்குப் பின் மின்சாரம் மலிவானது. அதோடு இன்னொன்றும் நடந்தது. பழைய சாதனங்களில் தொட்டிகள் அரித்து ஒழுகத் தொடங்கின. தொட்டியை மாற்றுவதற்குச் சாதனத்தையே கழற்றி எறிந்துவிட்டு மின்சார ஹீட்டர் வாங்குவது சுலபமாகத் தெரிந்தது. மயாமியில் வெயில் குறையவில்லை. பராமரிப்புதான் குறைந்தது. நம் ஊர் மாடிகளைப் பற்றிப் பேசும்போது இதை மீண்டும் பார்ப்போம்.

கீசர் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வரி. ஐஸ்லாந்தில் தரையிலிருந்து பீறிட்டு எழும் வெந்நீர் ஊற்றின் பெயர் அது. லண்டனில் பெஞ்சமின் வாடி மான் என்பவர் 1868-ல் செய்த எரிவாயு ஹீட்டருக்கு அந்தப் பெயரை வைத்தார். புகைபோக்கி இல்லாததால் ஆபத்தான சாதனம். பெயர் மட்டும் நிலைத்து நம் குளியலறை வரை வந்துவிட்டது.

சட்டம் போட்ட நாடு

இஸ்ரேலில் 1950-களின் தொடக்கத்தில் எரிபொருள் பற்றாக்குறை. இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை தண்ணீர் சூடுபடுத்தக் கூடாது என்று அரசே தடை போட்டது. அந்த நெருக்கடியில் லெவி யிஸ்ஸார் என்ற பொறியாளர் 1953-ல் வெயில் ஹீட்டர் நிறுவனம் தொடங்கினார். பிறகு எண்ணெய் கிடைத்ததும் ஆர்வம் தணிந்தது. 1973-ல் உலகமெங்கும் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. ஆர்வம் மீண்டும் வந்தது. இந்த முறை அவர்கள் விலை ஏறி இறங்குவதை நம்பி உட்காரவில்லை. புதிதாகக் கட்டும் வீடுகளில் சூரிய வெந்நீர்ச் சாதனம் கட்டாயம் என்று 1980-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்று அங்கே பெரும்பாலான வீடுகளின் மாடியில் அது இருக்கிறது. வீடு கட்டும்போதே குழாய் போட்டுவிடுவதால் பிறகு செலவு குறைவு. எல்லா வீட்டிலும் இருப்பதால் பழுது பார்க்க ஆளும் பக்கத்திலேயே கிடைக்கும்.

இந்தியக் கணக்கு

நம் நாட்டில் ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் வெயில் ஹீட்டர் ஆராய்ச்சி முன்பே நடந்துகொண்டிருந்தது. ஆனால் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் அரசு இதை ஒரு துறையாக எடுத்துக்கொண்டது. 1981-ல் மாற்று எரிசக்திக்கு ஓர் ஆணையம், 1982-ல் தனித் துறை, 1992-ல் தனி அமைச்சகம். கடன் கொடுப்பதற்கென்றே 1987-ல் இரேடா என்ற நிறுவனம். நம் மாநிலத்தில் 1985-ல் தேடா என்கிற தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை.

முதலில் வாங்கியவர்கள் வீட்டுக்காரர்கள் அல்ல. விடுதிகள், மருத்துவமனைகள், பால் பண்ணைகள். காரணம் எளிது. தினமும் ஆயிரக்கணக்கான லிட்டர் வெந்நீர் தேவைப்படும் இடத்தில் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். வருமான வரியில் வேகமான தேய்மானக் கழிவும் கிடைத்தது. வணிகவியல் படித்தவர்களுக்கு அதன் ருசி தெரியும். 2002-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, மருத்துவமனை, தங்கும் விடுதி, கல்யாண மண்டபம் போன்ற சில வகைப் புதுக் கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு திருமலையில் சூரிய நீராவியில் அன்னதானச் சமையல் தொடங்கியது. நாம் அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட சோற்றில் வெயிலுக்கும் பங்கு உண்டு. நமக்கு இன்னும் பக்கத்தில், ஆரோவில்லின் பொதுச் சமையலறைக் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள சூரியக் கிண்ணம் இருக்கிறது.

வீடுகளுக்கு இது பரவலாகப் போனது பெங்களூருவில். காலைக் குளிர் அங்கே ஆண்டில் பல மாதம். 2007-ல் புது வீடுகளுக்குக் கட்டாயமாக்கினார்கள். மின்கட்டணத்திலும் சிறு தள்ளுபடி கொடுத்தார்கள். குளிர், சட்டம், தள்ளுபடி மூன்றும் சேர்ந்ததால் அந்த ஊர் மாடியெங்கும் தொட்டிகள்.

இந்தக் காலத்தில் வங்கிகளுக்கும் இதில் பங்கு இருந்தது. 2005-ஐ ஒட்டி வந்த திட்டத்தில் வீட்டுக்காரருக்கு 2 சதவீத வட்டிக்குக் கடன். மீதி வட்டியை அரசு ஈடுகட்டும். 2 சதவீதம்! பயிர்க்கடனுக்குக்கூட அந்த வட்டி கிடையாது. ஆனால் கவுன்டரில் உட்கார்ந்து நான் பார்த்தது என்ன? நகைக்கடன் வரிசை கதவைத் தாண்டி நிற்கும். சூரிய வெந்நீருக்கு எப்போதாவது ஒரு விசாரணை வரும். வட்டி மலிவு என்பதற்காக யாரும் கடன் வாங்குவதில்லை. தேவை என்று தோன்றினால்தான் வாங்குவார்கள். விறகு பொறுக்கிக் கிடைக்கிறது, மின்சாரம் மானியத்தில் கிடைக்கிறது என்றால் எதற்குத் தவணை கட்ட வேண்டும்?

2010 ஜனவரியில் தேசிய சூரிய சக்தி இயக்கம் தொடங்கியது. 30 சதவீதம் மூலதன மானியம் வந்தது. அதே ஆண்டுகளில் சீனாவிலிருந்து வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் மலிவாக இறங்கின. செம்புப் பலகையைவிட விலை குறைவு. தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்ததும் அப்போதுதான். 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். கீசர் இருந்தும் வெந்நீர் இல்லை. நம் பகுதி மாடிகளில் உள்ள பழைய தொட்டிகளில் பல அந்த ஆண்டுகளின் வரவுகள். பிறகு 2014-ல் மானியம் நின்றது. மின்வெட்டும் தீர்ந்தது. 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆயிற்று. கலிஃபோர்னியாவுக்கு எரிவாயு வந்தபோது நடந்ததே இங்கும் நடந்தது.

நம் தண்ணீர் செய்த வேலை

ஆனால் ஓடாமல் நிற்பவற்றுக்கு மின்சாரம் மட்டும் காரணம் அல்ல. இன்னொரு காரணம் நம் போர் தண்ணீர். ஆழத்திலிருந்து வரும் நம் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லோர் வீட்டிலும் தெரியும். அதே படிவு ஹீட்டருக்குள்ளும் விழும். செம்புக் குழாய் உள்ள பலகையில் அந்த மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். பெய்லி சொன்ன சுற்று நின்றுவிடும். கண்ணாடிக் குழாய் வகையில் குழாய் அகலம், அடைப்பது மெதுவாக; ஆனால் அதிலும் அடியில் உப்பு சேர்ந்துகொண்டே போகும், ரப்பர் வளையங்கள் ஒழுகும். ஆண்டுக்கு ஒரு முறை குழாய்களைக் கழற்றிக் கழுவினால் போதும். செய்ய ஆள் இல்லை. விற்ற கடை எங்கோ. மயாமியில் தொட்டி ஒழுகியபோது நடந்ததுதான் இங்கும்.

உப்புத் தண்ணீர் ஊர்களுக்குச் சொல்லப்படும் வழி, வெப்பப் பரிமாற்றி உள்ள வகை. பலகைக்குள் நல்ல தண்ணீர் மூடிய சுற்றாக ஓடும். அதன் சூடு மட்டும் தொட்டித் தண்ணீருக்கு மாறும். விலை கொஞ்சம் கூடுதல். மழைநீரைச் சேமித்து ஹீட்டருக்கு மட்டும் தனித் தொட்டியில் ஏற்றுவது இன்னொரு வழி. வாங்கும்போது இதைக் கேட்காமல் விலையை மட்டும் கேட்பதால் வருவதே பாதிச் சிக்கல்.

ஒரு எழுத்தரின் கணக்கு

இனி வரவு செலவு. சூத்திரம் மிக எளிது: லிட்டரை, ஏற்ற வேண்டிய டிகிரியால் பெருக்கி, 860-ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். 100 லிட்டரை 30 டிகிரி ஏற்ற ஏறத்தாழ மூன்றரை யூனிட்.

நான்கு பேர் உள்ள வீடு. ஆளுக்கு ஒரு வாளி, 20 லிட்டர். தண்ணீர் 24 டிகிரியில் இருந்தால் 40-க்கு ஏற்ற ஒன்றரை யூனிட். கீசர் சும்மா நிற்கும்போது இழப்பதையும் சேர்த்து நாளுக்கு 2 யூனிட் என்று வைப்போம். நம் ஊரில் வெந்நீர் வேண்டிய நாள் ஆண்டில் 180 என்றால் 360 யூனிட். யூனிட் சராசரி 5 ரூபாய் என்றால் 1,800 ரூபாய். வயதானவர்கள் ஆண்டு முழுதும் வெந்நீரில் குளிக்கும், 100 லிட்டர் செலவழிக்கும் வீட்டில் 300 நாளுக்கு 1,050 யூனிட், 5,250 ரூபாய். கடைக்காரர் தரும் விலையை இந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை ஆண்டில் பணம் திரும்பும் என்று தெரியும். விளம்பரங்களில் ஆண்டுக்கு 1,500 யூனிட் வரை மிச்சம் என்று போட்டிருப்பார்கள். அந்த 'வரை' என்ற சொல்லை நம் ஊர் வெயிலில் வைத்துப் படிக்க வேண்டும்.

இரண்டு விஷயங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்று, மின்கட்டணப் படிநிலை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் சட்டென்று ஏறும். அந்த எல்லையில் நிற்கும் வீட்டுக்குக் கீசரின் 100 யூனிட்டின் உண்மை விலை 500 ரூபாயைவிட அதிகம். இரண்டு, ஐப்பசி, கார்த்திகை மேகம். வெந்நீர் ஆசைப்படும் மழை மாதத்தில் வெயில் இருக்காது. ஆகவே தொட்டிக்குள் மின்கம்பி ஒன்று துணைக்கு வேண்டும். அதை ஆண்டு முழுதும் போட்டு வைத்திருந்தால் சூரியனுக்கு வேலையே இல்லை.

"மேற்கூரை சோலார் மின்சாரம் போட்டு அதிலேயே கீசரை ஓட்டினால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். 1 கிலோவாட் நம் பக்கம் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். அதை விசிறிக்கும் பிரிட்ஜுக்கும் கோடையிலும் பயன்படுத்தலாம். வெந்நீர்ப் பலகைக்கு அந்த வசதி இல்லை. ஆனால் 2 சதுர மீட்டர் வெந்நீர்ப் பலகை, ஒரு நல்ல வெயில் நாளில் 100 லிட்டரைச் சூடாக்கிவிடும். அதே சூட்டை மின்தகட்டில் எடுக்க அதைப்போல் சில மடங்கு இடம் வேண்டும். இடம் நிறைய, வெந்நீர் கொஞ்சம் என்றால் மின்தகடு. வெந்நீர் நிறைய, இடம் கொஞ்சம் என்றால் வெந்நீர்ப் பலகை. காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணீருக்குத் தரும் வெப்பப் பம்பு என்ற புது வகையும் உண்டு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு சூடு தரும்; விடுதிகளுக்கு ஏற்றது, சிறு குடும்பத்துக்கு இப்போது விலை அதிகம்.

காசைத் தாண்டியும் ஒரு கணக்கு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்தால் அந்தச் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுவந்து நாம் மறுபடி சூடாக்குகிறோம். மூன்று ரூபாய்ச் சரக்கை ஒரு ரூபாய்க்கு மாற்றுவது போன்ற வேலை. வெயிலோ நேராக மாடிக்கே வருகிறது. வாளியில் போடும் ஹீட்டர் கம்பியை விட்டு எடுப்பதற்கு அதுவே போதுமான காரணம் என்பேன். ஓடும்போது தண்ணீரில் கை வைத்து ஷாக் அடித்த செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன.

இப்போது செய்யக்கூடியவை

கதை முழுவதையும் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இந்தச் சாதனம் எங்கெல்லாம் தோற்றதோ அங்கெல்லாம் வெயில் ஏமாற்றவில்லை. ஒன்று, வேறு எரிபொருள் மலிவானது. அல்லது, பழுதுபார்க்க ஆள் இல்லை. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது நிச்சயம் நம் கையில் இருக்கிறது. அதனால் சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு. இன்று ஹீட்டர் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. மாடியிலிருந்து குளியலறைக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய் ஒன்றைத் தனியாக இறக்கிவிடுங்கள். பூச்சு வேலைக்கு முன்னால் இதற்கு ஆகும் செலவு அற்பம். டைல்ஸ் ஒட்டிய பிறகு உடைத்துப் போடுவது பல மடங்கு. குளியலறையை மாடித் தொட்டிக்கு நேர் கீழே வைத்தால் குழாய் நீளம் குறையும். வெந்நீர் வருமுன் வீணாகும் குளிர்ந்த தண்ணீரும் மிஞ்சும். மாடியில் தெற்குப் பக்கம் நிழல் விழாத ஓர் இடத்தை விட்டு வையுங்கள். படிக்கட்டு அறையையும் தண்ணீர்த் தொட்டியையும் வடக்கே தள்ளினாலே போதும்.

இரண்டாவது, ஏற்கெனவே வைத்து ஓடாமல் விட்டவர்களுக்கு. பழைய இரும்புக்குப் போடும் முன் ஒரு முறை உப்பு நீக்கிப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு மெக்கானிக்கை வரவழைப்பது கடினம். பத்து வீடு சேர்ந்தால் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரே நாளில் வந்து முடித்துவிட்டுப் போவார். ஆவணியில், மழைக்கு முன் இதை ஆண்டுதோறும் வைத்துக்கொள்ளலாம். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கண்ணாடிக் குழாயா, பலகையா, எந்த ஆண்டு வாங்கியது என்பதையும் எழுதினால் உதிரிப் பாகங்களை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

மூன்றாவது, புதிதாக வாங்குகிறவர்களுக்கு. இந்தியத் தர முத்திரை உண்டா, உப்புத் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுது பார்க்க எங்கிருந்து ஆள் வருவார் என்று நான்கு கேள்விகளைக் கேட்டு, பதிலை ரசீதின் பின்னால் எழுதி வாங்குங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் கலவைக் குழாய் கட்டாயம். கோடை வெயிலில் அந்தத் தொட்டித் தண்ணீர் தோலை வேக வைக்கும்.

ஒரு தலைமுறைக்கு முன் நம் வீட்டுப் பெண்கள் விடியலில் ஊதாங்குழலோடு உட்கார்ந்து ஊதிய புகை நமக்குத் தெரியும். இன்று வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகள் நம் தெருக்களில் கூடிவருகின்றன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூருவிலும். அடுப்பிலிருந்து வெந்நீர்க் குண்டானைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் நடக்கும் எழுபது வயதுக்காரருக்கு, குழாயைத் திறந்தால் வெந்நீர் வருவது ஆடம்பரம் அல்ல. அவருக்கு எந்தச் சாதனம் சரி என்பது வீட்டுக்கு வீடு மாறும். கணக்கைப் போட்டுப் பார்க்கத் துணை வேண்டுமானால், கடைசி மூன்று மின்கட்டண ரசீதுகளோடு ஞாயிற்றுக்கிழமை சங்க அறைக்கு வாருங்கள். நான் கால்குலேட்டரோடு இருப்பேன்.